கூட்ஸ் வண்டி பார்க்கப் போய்க் கல் நட்ட கதை

சரக்கு ரயில் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு என்றால் நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. பயணிகள் ரயிலைப் பார்க்கப் போகலாம், அதில் யாராவது வருவார்கள். கூட்ஸ் வண்டியில் யாரும் வருவதில்லை. அதுதான் அதன் சிறப்பு என்று பல வருடமாக வீட்டில் சொல்லி வருகிறேன். கேட்டுக்கொள்கிறார்கள்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். தை மாதம் மூன்றாவது சனி, ஞாயிறு விடுமுறையில் தஞ்சாவூர் – திருவாரூர் பாதைக்குப் போய் வந்தேன். அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. காரைக்கால் பக்கமிருந்து நிலக்கரி வண்டி வருடம் முழுக்க வரும். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் நெல் ஏற்றும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். ஒரே பாதையில் கறுப்பும் பொன்னிறமும். வார இறுதியில் போய்ப் பார்க்க நல்ல இடம் எது என்று நண்பர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன். இரண்டு இடங்களைச் சொல்கிறேன். இரண்டாவது ஊரின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

முதல் இடம் நீடாமங்கலம். சனிக்கிழமை காலை தஞ்சாவூரில் பயணிகள் ரயில் ஏறினால் முப்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். நடைமேடையின் கிழக்குக் கோடியில் நின்றால் நெல் மூட்டை ஏற்றுவதை நன்றாகப் பார்க்கலாம். நான் போனபோது மூடிய பெட்டிகள் நாற்பத்திரண்டு நின்றன. அவற்றை முன்னும் பின்னும் தள்ளி நிறுத்தும்போதெல்லாம் நெடுஞ்சாலையின் கேட்டை மூடிவிடுகிறார்கள். ஒருமுறை இருபத்தாறு நிமிடம். பேருந்திலிருந்து இறங்கி டீ குடித்து, வெற்றிலை போட்டு, பக்கத்துப் பேருந்துக்காரரிடம் பெண்ணுக்கு வரன் விசாரித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ள நேரம் போதும். மேம்பாலம் வருகிறது. எனக்குத் தெரிந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வருகிறது.

மூட்டை தூக்கும் ஒருவர் என் நோட்டையும் கேமராவையும் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமைன்னா கொரடாச்சேரிக்கு அங்கிட்டுப் போயி நில்லுங்க சார். பத்தரைக்கு மேல பதினொண்ணுக்குள்ள ஒரு கரி வண்டி மேக்க வரும்" என்றார். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். அந்த ஒரு வரி மறுநாள் எனக்கு எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

இரவு திருவாரூரில் தங்கினேன். ஞாயிறு காலை 6.50 பேருந்தில் கொரடாச்சேரி. அங்கிருந்து ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டியவர் பெயர் செந்தில்.

"அங்க என்ன சார் கோயிலு?"

"கோயில் இல்லைங்க. ரயில் பார்க்கப் போறேன்."

"ஸ்டேஷன் இந்தப் பக்கம் இருக்கே."

"நிக்கிற ரயில் இல்லை. போற ரயில்."

செந்தில் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, "திரும்பி வரணும்னா போன் பண்ணுங்க. நேரத்துக்குப் பண்ணுங்க" என்றார். அது எச்சரிக்கை என்பது எனக்குப் புரியவில்லை.

இடம் அருமை. பாதை இரண்டு கிலோமீட்டர் நேராக வந்து, ஒரு வடிகால் பாலத்தைத் தாண்டி மெல்ல வளைகிறது. தெற்கே மண் சாலை. சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே முற்றிய சம்பா. வயலின் மூலையில் வரப்பை வெட்டி, மண் கொட்டி, யாரோ சமமாக மிதித்து வைத்திருந்தார்கள். எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. ரயில்வே எல்லைக்குள் போகக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே பாதையிலிருந்து பத்து மீட்டரைக் காலடியால் அளந்தேன். முக்காலியை நிறுத்திக் கேமராவைப் பொருத்திப் பார்த்தேன். 8.50க்கு ஒரு காலி வண்டி கிழக்கே போனது. கரி வண்டிக்கு இன்னும் நேரம் இருந்ததால் டீ குடித்து வரலாம் என்று தோன்றியது. முக்காலியைக் கையோடு எடுத்துக்கொண்டு, அதன் கால்கள் இருந்த இடம் மறக்காமல் இருக்க மூன்று கற்களை வைத்தேன். சாலையோர ஜல்லிக் குவியலில் பொறுக்கியவை. உருண்டுவிடாமல் குதிகாலால் மிதித்து மண்ணில் இறக்கினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டெல்டாவின் வயலில் கல் கிடையாது. எல்லாம் ஆறு கொண்டுவந்த வண்டல். வரப்பில் ஒரு கல் இருந்தால், யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நூலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தும் இது எனக்குத் தோன்றவில்லை. மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் சட்டை வேறு போட்டிருந்தேன். ரயில் பாதை ஓரம் நிற்பவன் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை.

டீக்கடை அறுநூறு மீட்டர் தூரத்தில். வாசலில் இரண்டு கொடிக்கம்பங்கள், ஓர் அங்குலம்கூட வித்தியாசம் இல்லாத உயரம். இந்த மாநிலத்தை மாறி மாறி ஆண்டவர்களுக்குள் இருக்கும் ஒரே உடன்பாடு அந்த உயரம்தான் என்று நினைத்தேன்.

"சாருக்கு எந்த ஊரு?" என்றார் கடைக்காரர்.

"திருச்சி. லைன் பார்க்க வந்தேன்."

ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது. "எந்த லைனு?"

"இந்த லைன்தான். எவ்வளவு தூரம் நேராப் போகுது, எங்கே வளையுதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"ஓகோ. யாரு வயல்ல வளையுது?"

"அது தெரியலீங்க. காலையில பத்து மீட்டர் மட்டும் அளந்து வச்சிருக்கேன்."

கடைக்காரர் டீயை என் முன்னால் வைத்துவிட்டு, பின்பக்கம் போய் யாருக்கோ போன் செய்தார். கிளம்பும்போது காசு வாங்க மறுத்துவிட்டார். டெல்டா விருந்தோம்பல் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

9.50க்குத் திரும்பியபோது என் இடத்தில் இருபது, இருபத்தைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மண் சாலையில் ஒரு அறுவடை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் மூன்று கற்களைச் சுற்றி வட்டமாக, தொடாமல் நின்றிருந்தார்கள். நல்ல பாம்பைச் சுற்றி நிற்பதுபோல.

"இவருதான்" என்று யாரோ சொன்னார்.

சிவப்புத் துண்டு போட்ட ஒரு பெரியவர் முன்னால் வந்தார். ஊரில் எல்லோரும் அவரைத் தோழர் என்றே அழைத்தார்கள். விவசாயச் சங்கத்துக்காரர், பெயர் மாரிமுத்து. என் தோளிலிருந்த முக்காலியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். நோட்டுக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

"இது என்ன, சர்வே நம்பரா?"

"பெட்டி நம்பருங்க. கூட்ஸ் வண்டிப் பெட்டி."

"பதினோரு எலக்கம் இருக்கு."

"எல்லாப் பெட்டிக்கும் பதினோரு எலக்கம்தாங்க."

"அத எழுதி என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்விக்கு என் மனைவியிடமே என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

நாற்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா, கையில் அரிவாளோடு, தோழரை விலக்கிக்கொண்டு வந்தார். வயல் அவருடையது. பெயர் பாக்கியம். "சார், நீங்க யாரா வேணா இருங்க. இந்த எடம் மிஷின் எறங்குறதுக்கு நாங்க நேத்து மண்ணு போட்டு மிதிச்ச எடம். அதுல கல்ல நட்டுட்டுப் போயிட்டீங்க. இப்ப எப்படி எறக்குறது?"

"எடுத்துடறேங்க" என்று குனிந்தேன்.

"தொடாதீங்க!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

விஷயம் மெல்லப் புரிந்தது. மார்கழியில் இரண்டு பேர் முக்காலியோடு, இதேபோன்ற சட்டையில் வந்திருக்கிறார்கள். சும்மா படம் எடுக்கிறோம் என்றார்களாம். மறுநாள் பாக்கியத்தின் வயலுக்குள் சிவப்பு மை பூசிய மூன்று கற்கள் முளைத்திருந்தன. காஸ் குழாய் போகும் வழி. அதற்கு இந்தப் பக்கத்தில் லைன் என்று பெயர். ஊர்க்காரர்கள் பிடுங்கிப் போட்டார்கள். கல் திரும்ப வந்தது, கூடவே வழக்கும் வந்தது. பாக்கியத்தின் தம்பி தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டம் இருப்பதாகத் தோழர் சொன்னார். கல்லைப் பாதுகாக்கும் சட்டம் அதைவிடப் பழையது, வேகமும் அதிகம் என்றும் சொன்னார். ஆகவே அந்த ஊரில் இப்போது யாரும் எந்தக் கல்லையும் தொடுவதில்லை.

மொத்தமே மூன்று மா, ஒரு ஏக்கர். பாக்கியத்தின் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த நிலம். அதற்குப் பட்டா வாங்க அவர் இருபது வருடம் அலைந்தாராம். கதிர் தலை கவிழ்ந்து நின்றது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் சேற்றில் மிஷின் இறங்காது. பயிர் சாயும், நெல் முளைத்துவிடும்.

மிஷின் ஓட்டுநர் ஆத்தூர்க்காரர். மேலே உட்கார்ந்தபடியே, "அக்கா, பதினோரு மணிக்கு நான் அடுத்த வயல்ல இருக்கோணும். எறங்கறதா, போறதா, சொல்லிப்போடுங்க" என்றார்.

"இவரு வச்ச கல்ல இவரே எடுக்கட்டுமே தோழர்" என்றார் பாக்கியம்.

"இவரு ஆபீசு ஆளா இருந்தா? இன்னிக்கு எடுத்துட்டு, நாளைக்கு நாமதான் புடுங்கினோம்னு எழுதுவாரு. உன் தம்பியோட நீயும் போயிக் கையெழுத்துப் போடுவியா?"

பாக்கியம் வானத்தைப் பார்த்தார். 10.15.

என் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். தோழர் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன தடவ வந்தவங்களும் அட்டை வச்சிருந்தாங்க" என்றார். அப்போதுதான் முந்தின நாள் நோட்டில் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. காட்டினேன். பத்தரைக்கு மேல் பதினொன்றுக்குள் கரி வண்டி, மேற்கே.

"வண்டி வந்தா நம்புவீங்களா?"

"வண்டி தெனம் வருது. நீங்க அதைப் பாக்கத்தான் வந்தீங்களான்னு பாக்குறோம்."

நின்றோம். 10.25. 10.35. வாழ்நாளில் எத்தனையோ கூட்ஸ் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். கூட இருபத்தைந்து பேர் காத்திருந்தது அதுதான் முதல் முறை. ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. எல்லோர் கையிலும் விழுந்திருக்க வேண்டும். 10.45க்கு ஓட்டுநர் மிஷினை அரை அடி பின்னால் எடுத்தார். "கொஞ்சம் இருப்பா" என்றார் பாக்கியம். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

10.48க்கு ஹாரன் கேட்டது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கூட்டத்தை மறந்துவிட்டேனாம். கேமராவை எடுக்கவே இல்லையாம். தோழர் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வரப்பில் ஓடி, வாயைத் திறந்துகொண்டு, விரலை மடக்கி மடக்கி எண்ணினேனாம். எனக்கு நினைவிருப்பது இரண்டு எஞ்சின்கள், கால் வழியாக ஏறிய அதிர்வு, கரித்தூள் வாசம். ஐம்பத்தெட்டு.

"அம்பத்தொம்பது" என்றார் பின்னாலிருந்து பாக்கியம். "கடைசியில சின்னதா ஒண்ணு போச்சு."

"அது கார்டு வேன்ங்க. அதை எண்ணிக்கையில சேர்க்க மாட்டோம்."

ஓட்டுநர் மேலிருந்து, "இவரு சர்வேயர் இல்லீங்க தோழர். இது வேற கேஸுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த அடையாளச் சான்றுகளில் மிகச் சரியானது அது.

தோழர் எழுதித் தரச் சொன்னார். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பெயர், ஊர், பிறகு 'எனக்கும் இந்த நிலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதினேன். பாக்கியம் வாங்கிப் படித்தார்.

"அத அடிங்க சார். போன தடவ வந்தவரும் இதேதான் சொன்னாரு."

"வேற என்னங்க எழுதறது?"

"கல்ல வச்சது நான்தான்னு எழுதுங்க. எடுத்ததும் நான்தான்னு எழுதுங்க. அது போதும்."

எழுதினேன். 10.57க்கு மூன்று கற்களையும் நகத்தால் தோண்டி எடுத்தேன். அவற்றையும் தாளையும் தோழர் சாட்சிக்கு என்று துண்டில் முடிந்துகொண்டார். அடுத்த வயல்காரருக்குப் போன் போட்டுவிட்டு ஓட்டுநர் மிஷினை இறக்கினார். தூறல் அதற்குமேல் வலுக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் அறுத்து முடித்தார்கள். சிவப்புக் கற்கள் இருந்த இடங்களில் மட்டும் ஓட்டுநர் இரண்டடி தள்ளி வளைத்துப் போனார். மொட்டை வயலில் மூன்று கொத்துக் கதிர்கள் நின்றன. பாக்கியம் அரிவாளோடு அவற்றின் அருகில் போனார், பார்த்தார், வெட்டாமல் திரும்பி வந்தார்.

"சாப்டுட்டுப் போங்க சார்" என்றார். அதற்குள் நான் போன் செய்த செந்தில் ஆட்டோவோடு வந்துவிட்டார். நான் நன்றாக இருப்பதைப் பார்த்து அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை வெளிச்சத்துக்குப் பாதையின் தெற்குப் பக்கம் நல்லது. குடிநீர் கொண்டுபோங்கள். ஆரஞ்சுச் சட்டையை வீட்டில் வைத்துவிடுங்கள். மனைவியிடம் நான் பேசிக்கொள்கிறேன். என்ன பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால் கூட்ஸ் வண்டி என்று சொல்லுங்கள், சிரிப்பார்கள், அது நல்லது. லைன் என்று மட்டும் சொல்லாதீர்கள். டீக்குக் காசு வாங்க மறுத்தால் கிளம்பிவிடுங்கள். வரப்பில் நிற்கும்முன் அது யார் வரப்பு என்று விசாரியுங்கள். எதையும் அளக்காதீர்கள்.

முக்காலிக்கு அடையாளம் வேண்டுமென்றால் ஒரு குச்சியைக் கிடத்துங்கள், கல் வேண்டாம். அந்த வயலில் வைத்தவரே எடுத்ததாக எழுத்தில் இருக்கும் கற்கள் இதுவரை மூன்றுதான். மற்ற மூன்றும் அங்கேதான் இருக்கின்றன.