ச்சாவ் அண்ணன்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. பதினைந்து வருஷமாக அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரிய சாப்பாட்டுக் கடை ஒன்றில் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடுவது அவர் வேலை. இத்தாலிக்குச் சுற்றுலா போய்வந்த முதலாளி, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் "ச்சாவ்" சொல்லி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். நெஞ்சில் கை, தலை குனிவு, பிறகு ச்சாவ். எவ்வளவு குனிய வேண்டும் என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். கடையிலும் தெருவிலும் ச்சாவ் அண்ணன் ஆகிப்போனார். 'போயிட்டு வாங்க' என்பதை வெளிநாட்டு மொழியில் சொல்கிறோம் என்று அந்த மனுஷனுக்குப் பெருமை வேறு.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். மகளைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டும். கணக்குப் படித்த பெண், உட்கார்ந்து பார்க்கிற வேலை. "கூட்டிட்டு வாய்யா, போட்டுடலாம்" என்று முதலாளியும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மகளை அழைத்துப் போன அன்று முதலாளி நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நம்மாளு தினமும் ச்சாவ் சொல்றாரே, அது எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றார் முதலாளி. "வெனிஸ்ல அந்தக் காலத்துல மரியாதைக்கு 'நான் உங்க அடிமை'ன்னு சொல்லுவாங்களாம். அந்த அடிமைங்கிற வார்த்தைதான் தேய்ஞ்சு தேய்ஞ்சு ச்சாவ் ஆயிடுச்சு. எனக்கு அப்பவே தெரியும். இவருக்குத்தான் சொல்லல."

மேசையே குலுங்கச் சிரித்தார்கள். "எங்க, ஒரு தடவை சொல்லுங்கண்ணே" என்றான் ஒருவன். கல்லா நினைப்பில் அவரும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். மகள் தரையைப் பார்த்தாள்.

"கல்லாவுக்கு என் மச்சினன் வர்றான்" என்றார் முதலாளி, வாயைத் துடைத்தபடி. "உனக்கும் வயசாச்சுய்யா. நீ பின்னால போய்ப் பாத்திரம் கழுவு, பொண்ணு வாசல்ல நிக்கட்டும். ஆளும் பளிச்சுன்னு இருக்கு. எங்க, உங்கப்பாகிட்டயே சொல்லிக் காட்டும்மா, பாக்கலாம்."

மாட்டேன் என்றால் அப்பாவுக்கு அந்தப் பாத்திரமும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"ச்சாவ்."

பெற்ற தகப்பன் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும்? பதினைந்து வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"தலைய இன்னும் கொஞ்சம் குனியணும்மா" என்றார்.