தம்பி உதறிய துண்டு

என் தம்பி 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்தபடியாகத் திருத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டது ஒரு கெட்ட வார்த்தை. அதை இங்கே எழுத முடியாது. எழுதினால் இப்போது கல்லூரியில் படிக்கும் அவனே என்னோடு சண்டைக்கு வருவான். இரண்டரை வயதில் அவனுக்குச் சொந்தப் பெயரே பாதிதான் வாயில் வரும். அந்த வார்த்தை மட்டும் அட்சரம் பிசகாமல் வந்தது.

சொல்வதற்கு ஒரு முறையும் வைத்திருந்தான். அப்பாவின் துண்டை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போவான். இரண்டு கைகளாலும் பிடித்து, படார் படாரென்று இரண்டு உதறு. பிறகு அந்த வார்த்தை. முதல் நாள் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டியவள் நான்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சிரிப்பு இரண்டு நாள்தான். பிறகு விசாரணை. லோடு லாரிக்குப் போகிற அப்பாதான் காரணம் என்றார் எங்களோடு இருந்த மாமா. சீட்டாடப் போகிற மாமாதான் என்றார் அப்பா. அப்பா தம்பியின் தொடையில் ஒன்று வைத்தார். பயல் அழுதுகொண்டே அப்பாவைப் பார்த்தே அதைச் சொன்னான். சொல்லாமல் இருந்தால் காராச்சேவு தருவதாக மாமா ஆசைகாட்டினார். அதைச் சொல்லிவிட்டு உடனே உள்ளங்கையை நீட்டினான்.

"ஏலே, சொல்லாம இருந்தாத்தாம்லே சேவு!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பால்வாடி டீச்சரைப் பார்த்தும் அதைச் சொல்லிவிட்டான். கூட்டிவரப் போன என்னைப் பிடித்துக்கொண்டார் டீச்சர். "மத்த பிள்ளைகளும் படிச்சுக்கிட்டா நான் என்ன செய்ய? திங்கக்கிழமையும் இதே பேச்சுன்னா வீட்டுலயே வச்சுக்கோங்கம்மா."

தீபாவளிக்கு முந்தைய சீசன் அது. அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் வேன் வந்தால் ஏறியாக வேண்டும். பால்வாடி இல்லையென்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள நான்தான். ஆறாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையோ திங்கட்கிழமை தொடங்குகிறது. இப்படித் தம்பி தங்கையைப் பார்க்க நின்ற பக்கத்துத் தெரு அக்கா, மறுபடி பள்ளிக்கூடம் போகவே இல்லை. கட்டிலுக்கடியில் உட்கார்ந்து அழுதேன்.

வேலை முடிந்து வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தம்பியை ஒரு வார்த்தை வையவில்லை. எங்களைத்தான் உட்கார வைத்தாள்.

"கம்பெனியில மருந்த உரசக் கூடாதும்பாக. உரசாம விட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். இங்கன நீங்க ஆளாளுக்கு உரசுறீக. சிரிக்கவும் வேண்டாம், வையவும் வேண்டாம், சேவும் வேண்டாம். காதுல விழாத மாதிரி இருங்க."

அதென்ன லேசான காரியமா? மறுநாள் அவன் துண்டை உதறிச் சொன்னதும், அப்பா எழுந்துபோய்த் தேதிக் காலண்டரில் நாளைக்குரிய தாளையும் சேர்த்துக் கிழித்தார். மாமா செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். தம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இன்னொரு தடவை உதறிச் சொன்னான். ஒருவரும் திரும்பவில்லை. துண்டைப் போட்டுவிட்டுக் கோழியைத் துரத்தப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெறுமனே உதறினான், பேச்சில்லை. திங்கட்கிழமை அவனைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஓட்டமாக ஓடிப் பரீட்சை எழுதினேன். திரும்பக் கூட்டிவரப் போனபோது, "தங்கமான பிள்ள!" என்றார் டீச்சர். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்த வாரத்தில் அம்மாவும் ஒன்றை மாற்றிக்கொண்டாள். சேலைக்கு மேல் போட்டுப் போகும் ஆம்பளைச் சட்டையில் வெள்ளியாய் மருந்துத்தூள் அப்பியிருக்கும். அதைப் பின்வாசலில் உதறுவதுதான் வழக்கம். இப்போது வேன் நிற்கிற இடத்திலேயே உதறிவிட்டு வந்தாள். பிள்ளை மேல் தூள் படக் கூடாதென்று அம்மாவுக்கு எம்புட்டு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பு லீவில், அம்மா மறந்துவிட்டுப் போன தூக்குவாளியைக் கொடுக்கக் கம்பெனி வாசலுக்குப் போனேன். லோடு தாமதமான எரிச்சலில் போர்மேன் அம்மாவை வைதுகொண்டிருந்தார். அதே வார்த்தை. அம்மா தலையைக் குனிந்து நின்றாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவள் சட்டையைக் கழற்றிப் படார் படாரென்று இரண்டு உதறு உதறினாள். கூடவே உதடு அசைந்தது. எதிரே நின்ற என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

வீடே ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்த அந்த வாரம் முழுக்க, 'இவனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?' என்று அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பதினொரு வயதில் அதை நான் பொறுமை என்று நினைத்திருந்தேன்.