நனைத்த சாக்கு

அரியலூர்க் கடைத்தெருவில் வெற்றிலை விற்ற அரியமுத்துவுக்குத் தண்ணீர்மேல் அப்படியொரு நம்பிக்கை. திருச்சியிலிருந்து ரயிலில் வெற்றிலைக் கட்டு கொண்டுவருவார். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் இறங்கி, குழாயில் செம்பை நிரப்பிச் சாக்கின்மேல் தெளிப்பார். சித்திரை வெயிலிலும் அவர் வெற்றிலை வாடாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அதைச் சொல்லிச் சீண்டாதவர் எங்கள் தெருவில் இல்லை.

நாற்பத்தாறாம் வருஷம் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் விஷக்காய்ச்சலில் விழுந்தாள். சூடு தலைக்கேறிப் பிதற்றினாள்.

"ஐஸ் கெடைச்சா தலையில வச்சுப் பாருங்க. சூடு எறங்குனா பொழைச்சுக்குவாங்க" என்றார் டாக்டர்.

ஐஸுக்குத் திருச்சிக்குத்தான் போகவேண்டும். எங்களில் யாரும் அதுவரை ஐஸைக் கண்ணால் கண்டதில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னாயியைத் துணைக்கு வைத்துவிட்டு, அரியமுத்து காலை வண்டியில் ஓடினார்.

ஐஸ் கம்பெனிக்காரர் பெரிய கட்டி ஒன்றை உமியில் புதைத்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "அண்ணே, வூடு போற வரைக்கும் பிரிச்சுடாதீங்க" என்றார்.

அரியமுத்து பிரிக்கவில்லை. நனைத்தார். லால்குடியில் ஒரு செம்பு, புள்ளம்பாடியில் ஒரு செம்பு. சாக்கு சொட்டச்சொட்ட, தான் ஊற்றியதுதான் வடிகிறது என்று நினைத்து மேலும் ஊற்றினார். "நல்லா ஊத்துங்க, வெயிலு கொளுத்துது" என்று பெட்டியில் இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் அவிழ்த்தபோது ஈர உமிக்குள் கொட்டைப்பாக்கு அளவு ஐஸ் கிடந்தது. அதை எடுத்து அவள் நெற்றியில் வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து காதோரம் வழிந்தது. கொளஞ்சியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"சில்லுன்னு இருக்குங்க. இன்னுங் கொஞ்சம் வைங்க."

வைப்பதற்கு இல்லை. சாக்கைப் பிழிந்து அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டார். காய்ச்சல் சூட்டில் ஈரம் ஆவியாகித் துணி காய்ந்துபோனது. மறுபடி நனைத்தார், மறுபடி காய்ந்தது. விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஐஸ் முழுதாக வந்திருந்தாலும் நிச்சயமில்லை என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கருமாதி முடிவதற்குள், "தண்ணி ஊத்தியே கொன்னுட்டான்" என்று பேசினார்கள். அந்த வாய்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் போயிருந்தாலும் ஊற்றித்தான் இருப்பேன்.

பிறகும் அவர் வெற்றிலைக்குப் போய்வந்தார். வண்டி நிற்கும்போது செம்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாராம். கடையில் சாக்கை அவிழ்த்தால் கட்டுக்கட்டாக வாடிக் கிடக்கும். வாங்க வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அரியமுத்து தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.