நாங்கள் எழுப்பாத வேலி

மலாயாவின் தங்காக்கில் அரசாங்கக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலத்தில் என் வீட்டுக்கு நானே மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது. அந்தப் பதில்களையும் நான்தான் எழுதினேன். கடிதம் கொண்டு போனவரும் பதில் கொண்டு வந்தவரும் ஒரே ஆள், எங்கள் மலாய் பியூன். அவருக்கு மட்டும் இதில் நடை அலைச்சல்.

ஆபீஸை எங்கள் யாழ்ப்பாணத்தார் கந்தோர் என்பார்கள். எங்கள் கந்தோருக்கு ரோடும் பாலமும் அரசாங்கக் கட்டிடங்களும் பொறுப்பு. ஒரு வெள்ளைக்காரத் துரை, கிராணிமார் நால்வர், வாசலில் அந்தப் பியூன். குடியிருக்கப் பலகை வீடு கொடுத்தார்கள். ஆறு வீடுகள் ஒரே வரிசையில், ஒரே நிறத்தில், ஒரே மாதிரி இருந்தன. முன்னால் புல்வெளி, பின்னால் கிணறு, தூரத்தில் லெடாங் மலை. படம் பிடித்து ஊருக்கு அனுப்பினால் மாமனார் பெருமைப்பட்டிருப்பார். ஆனால் வேலி கிடையாது.

வேலி விஷயத்தில் எங்கள் ஊரார் அண்ணன் தம்பி என்றும் பார்க்காமல் கோர்ட்டுக்குப் போகிறவர்கள். ஒரு முழம் இடத்துக்கு ஒரு தலைமுறை வழக்காடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் மனைவி கப்பலேறி வந்து இறங்கியது நாலு பக்கமும் திறந்து கிடந்த வீட்டில். வந்த அன்று பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வளவு எங்கை முடியுது?" என்று கேட்டாள். வீட்டு நிலத்தின் எல்லை எனக்கும் தெரியவில்லை.

கிணற்றுக்குப் பத்து எட்டுத் தள்ளி ரோடு. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள், மாட்டு வண்டிக்காரர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வழிதான். அதனால் அவள் விடியுமுன் எழுந்து, கும்மிருட்டில் குளித்து, இருட்டிலேயே தலை துவட்டினாள். மழை நாளிலும் அப்படி, காய்ச்சல் விட்ட மறுநாளும் அப்படி. இரண்டு வருடம் இது நடந்தது. நான் மட்டும் ஏழு மணிக்கு, ரோட்டில் போகிறவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு குளித்தேன்.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. கிணற்றடிக்கு ஒரு மறைப்பு வேண்டும், நாலு தகரம் போதும் என்று, கந்தோர் வழக்கப்படி பெயர் போடாமல் வீட்டு நம்பர் மட்டும் போட்டு, நல்ல இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. கிணறு நீர் அள்ளுவதற்காகக் கொடுக்கப்பட்டது, அங்கே குளிப்பது பற்றி அரசாங்கம் யோசித்திருக்கவில்லை, ஆகவே மறைப்புக்கு இடமில்லை என்று துரை சொல்லச் சொல்ல அதை டைப் அடித்தவனும் நான்தான். அடித்து முடித்து, பிழை ஏதும் இருக்கிறதா என்று இரண்டு தரம் சரிபார்த்தேன். அப்போது எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள், தண்ணீர்ச் சாடிகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் உத்தியோகத்தர் வந்தார். வேலியும் வாசல் படலையும் இருந்தால்தானே தட்டுவார். ரோட்டிலிருந்து நேரே பின்பக்கமாக நடந்து வந்துவிட்டார். அன்றைக்குக் குழந்தைக்கு வயிற்றோட்டம். துணியெல்லாம் தோய்த்து, நனைந்த சேலையோடு என் மனைவி கிணற்றடியில் நின்றாள். அவர் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. சாடிக்குள் எட்டிப் பார்த்து, புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். புழு இல்லை என்றுதான் குறித்திருப்பார்.

மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது அவள் ஒரே வசனத்தில் நடந்ததைச் சொன்னாள். "இன்னொரு விண்ணப்பம் எழுதுறன்" என்றேன்.

"கேட்டால்தானே இல்லையெண்டு சொல்லுவினம்" என்றாள். "இனிக் கேக்கவேண்டாம். உங்கடை விதித்தாளை எடுத்து வாசிச்சுச் சொல்லுங்கோ."

வீட்டோடு கொடுத்த விதித்தாள் அது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மாடு கட்டக் கூடாது என்று நீளமாகப் போகும். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏழாம் விதி, குடியிருப்பவர் வேலி எழுப்பக் கூடாது. பன்னிரண்டாம் விதி, நிழல்தரும் மரங்கள் நடுவது வரவேற்கப்படும். அவள் இந்த இரண்டையும் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு நான் சாப்பிட்டுக் கந்தோருக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ரோடு அளக்கத் துரையோடு யோங் பெங் பக்கம் போகவேண்டி வந்தது. மூன்று நாள். திரும்பி வந்து பார்த்தால், வீட்டின் பின்பக்கம் முழுக்க, கிணற்றையும் உள்ளே விட்டு, ஆளுயரத்தில் நாற்பது கம்புகள் வரிசையாக நிற்கின்றன. ஈரம் காயாத பச்சைக் கம்புகள். இடையிடையே பின்னிய தென்னோலைக் கிடுகு, அதே உயரத்துக்கு. ஒரு மூலையில் மட்டும் கம்பு போதாமல் இடைவெளி.

எங்கள் ஊரில் இதற்குக் கதியால் என்று பெயர். வெட்டி நட்டால் வேர் பிடித்துத் துளிர்க்கும் கம்பு. வேலிக்கு வேலி, மரத்துக்கு மரம். முள்முருக்கு அதற்கு முதல் தரம். இந்த நாட்டில் முள்முருக்கு இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. பியூனுடைய கம்பத்தில், அதாவது அவருடைய மலாய்க் கிராமத்தில், பழைய கோப்பித் தோட்டத்துக்கு நிழலுக்காக வளர்த்திருந்தார்களாம். அவர் அதை டாடாப் என்றார். அவருக்குத் தமிழ் வராது, என் மனைவிக்குச் சந்தை மலாய்தான் வரும். அந்த இலையைக் காட்டி இவளும், வண்டியைக் காட்டி அவரும் எப்படியோ பேசி முடித்திருக்கிறார்கள்.

"இது என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்?" என்றேன். "வேலி எழுப்பக் கூடாதெண்டு வாசிச்சுச் சொன்னனான்."

"நான் எங்கை எழுப்பினனான்? மரம் நட்டனான். அது தன்ரை பாட்டிலை எழும்பும்."

"அப்ப கிடுகு?"

"மரக்கண்டுக்கு வெயில் படக்கூடாதெல்லே."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ஒன்பது வருட உத்தியோகத்தில் என் சேவைத் தாளில் ஒரு சிவப்பு மைக்கோடு விழுந்ததில்லை. இனி விழும் என்று சத்தம் போட்டேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அமைதியாகச் சொன்னாள்.

"அரசாங்கத்திலை வேலை செய்யிறது நீங்கள். நான் இல்லை."

இரண்டே வாரத்தில் துரை காரில் அந்த ரோட்டால் போனார். கந்தோருக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் நம்பர் வீட்டில் குடியிருப்பவருக்கு ஒரு கடிதம் என்று சொல்லத் தொடங்கினார். குடியிருப்பவர் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது கிராணி வேலை இல்லை. டைப் அடித்தேன், கையெழுத்து வாங்கினேன், பதிவில் ஏற்றினேன், பியூனிடம் கொடுத்தேன்.

"எங்கே கொடுக்க வேண்டும், கிராணி?" என்று மலாயில் கேட்டார் பியூன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் என் மனைவி அதே கடிதத்தை நீட்டினாள். "கந்தோரிலையிருந்து ஏதோ வந்திருக்கு. என்னவெண்டு பாருங்கோ." எழுதினவனே உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சொன்ன பதிலை அப்படியே இங்கிலீஷில் போட்டேன். விதிப்படி வேலி எதுவும் எழுப்பப்படவில்லை, நிழல்மரங்கள் நடப்பட்டுள்ளன, இளங்கன்றுகளை வெயிலிலிருந்து காக்கத் தற்காலிக ஓலை கட்டப்பட்டுள்ளது. மறுநாள் காலை பியூன் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.

இப்படியே இரண்டாவது, மூன்றாவது. கந்தோரில் நான் வேலிக்கு எதிரி, வீட்டில் வேலிக்கு வக்கீல். இரண்டு வேலையும் நன்றாகத்தான் செய்தேன் என்று எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது. மூன்றாவது பதிலை வாசித்த துரை, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இந்த மூன்றாம் நம்பர் வீட்டுக்காரர் யார்?"

"நான்தான், சேர்."

துரை அந்த மூன்று பதில்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கோபக்கார மனிதர் இல்லை. "அப்படியானால் அவரிடம் நீயே நேரில் சொல்லிவிடு. திங்கட்கிழமைக்குள் அது போகவேண்டும். இல்லாவிட்டால் வீடும் போகும், சேவைத் தாளிலும் எழுத வேண்டி வரும்" என்றார்.

அதற்குமேல் எனக்கு வக்கீல் வேஷம் பிடிக்கவில்லை. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. ஊரில் தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். உத்தியோகம் இல்லாத அண்ணனை வைத்துக்கொண்டு என்ன பேசுவது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கந்தோர்ச் சாமான் அறையிலிருந்து ஒரு அலவாங்கு எடுத்துக்கொண்டேன். நிலம் தோண்டுகிற அந்த நீண்ட இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு, பெண்சாதியிடம் சொன்னால் தடுப்பாள் என்று, ரோட்டுப் பக்கமாகவே வந்தேன்.

வெயில் சரியாக உச்சியில் நின்றது. முதல் கதியாலில் கை வைத்தேன். கணுவில் இரண்டு பச்சை முளை விட்டிருந்தது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. வேர் பிடித்திருந்தது. அலவாங்கை ஓங்கும்போது வேலிக்கு உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

ஒரு வாளி. பிறகு ஒன்றும் இல்லை, சும்மா நின்றிருக்கிறாள். பிறகு இன்னொரு வாளி, அவசரமே இல்லாமல். இடையில் மூக்கால் ஏதோ ஒரு மெட்டு. சீயக்காய் மணம் கிடுகுக்கு வெளியே வந்தது. எங்கள் வீட்டில் பட்டப்பகலில் அந்த வாளிச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அவள் பாடுவாள் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கலியாணமாகி மூன்று வருடம்.

மாட்டு வண்டி ஒன்று என்னைக் கடந்து போனது. வண்டிக்காரர் என்னைத்தான் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்க அவருக்கு ஒன்றும் இல்லை. நடு ரோட்டில், அரசாங்க அலவாங்கோடு, எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் அவள் இருட்டில் குளித்தபோது வராத வெட்கம் அப்போதுதான் வந்தது. நாலு தகரத்துக்கு விண்ணப்பம் எழுதியதைத் தவிர நான் என்ன கிழித்தேன் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து மதகில் அவள் குளித்து முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்த மூலைக்குப் போனேன். பியூன் காலையில்தான் மிச்சம் நாலு கம்பு கொண்டுவந்து போட்டிருந்தார். அலவாங்கால் நாலு குழி தோண்டி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினேன். தலையில் துவாயோடு வந்து பார்த்த என் மனைவி, "இன்னும் கொஞ்சம் ஆழமாய் வையுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை துரைக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். டைப் அடிக்கவில்லை, கையால் எழுதினேன். என் மனைவி சொன்னதாக இல்லை, நான் சொன்னதாக. மரங்களை நட்டது நானும் என் மனைவியும், அவற்றைப் பிடுங்க எனக்குச் சம்மதமில்லை, காரணம் என் வீட்டுப் பெண் பகலில் குளிக்க வேண்டும். அவ்வளவுதான். துரை வாசித்தார், பேனாவை உருட்டினார். இது வேலியா மரமா என்று தன்னால் தீர்மானிக்க முடியாது என்று ஓரத்தில் எழுதி, மரங்களைக் கவனிக்கிற இலாகாவுக்கு ஜொகூர் பாருவுக்கு அனுப்பச் சொன்னார். சிரித்தாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அங்கேயிருந்து என்ன இனம் என்று கேட்டு எழுதினார்கள். பதில் போட்டோம். உயரம் எவ்வளவு என்றார்கள். அளந்து எழுதினோம், அந்தத் தாள் போய்ச் சேருமுன் இன்னும் அரை அடி வளர்ந்திருக்கும். நிழல் எத்தனை அடிக்கு விழுகிறது என்று கேட்டபோது பக்கத்து இரண்டு வீடுகளிலும் கதியால் துளிர்த்துவிட்டது. சேவைத் தாளில் மட்டும் ஒரு வரி விழுந்தது, சிவப்பு மையில், 'பிடிவாதக்காரர்' என்று. அந்த வருடச் சம்பள உயர்வும் நின்றது. இரண்டும் போனால் போகட்டும் என்றிருந்தது.

மூன்று வருடத்தில் எனக்குக் குளுவாங்குக்கு மாற்றல் வந்தது. வீட்டை ஒப்படைக்கும் நாளில் புதுக் கிராணி சாமான் பட்டியலோடு வந்து நின்றார். மேசை இரண்டு, கட்டில் ஒன்று, கிணற்று வாளி ஒன்று. பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதினார். 'உயிர்வேலி ஒன்று. நல்ல நிலையில். அரசாங்கச் சொத்து. வெட்டவோ சேதப்படுத்தவோ கூடாது.' கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

லொறியில் ஏறப் போனால், பாய்ச் சுருளுக்குள் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கதியால், அன்று காலை வெட்டியது. பியூன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அரசாங்கச் சொத்தின்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"மெல்ல இருங்கோ, முளை ஒடிஞ்சுபோகும்" என்றாள்.

பொழுது சாயுமுன் குளுவாங் போய்ச் சேர்ந்தோம். இதுவும் ஒரு வரிசையில் ஒரு வீடு, நாலு பக்கமும் வெளி. அவள் அடுப்படியைப் பார்க்கவில்லை. "கிணறு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டாள். தங்காக்கில் திருப்பிக் கொடுக்க மறந்த அலவாங்கு லொறியின் அடியில் கிடந்தது, எடுத்துக்கொண்டு இறங்கினேன். புது வீட்டு விதித்தாளை யாரோ என் கையில் கொடுத்தார்கள். அதை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை.