ஒரு செபமாலை தூரம்

இன்று காலை கடற்கரைச் சாலையில், பதினைந்தாவது கிலோமீட்டரில், தீர ஆலோசித்து ஒரு முடிவெடுத்தேன்: அடுத்த ஞாயிறு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில் நான் ஓடப்போவதில்லை.

இங்கேயே நிற்கப்போவதாகவும் சேர்த்து, உடன் ஓடிய ஸ்டெல்லா அக்காவிடம் அறிவித்தேன். ஓடும்போது செபமாலை சொல்பவர். மணிகள் வியர்வையில் வழுக்குவதால் விரலில்தான் எண்ணுவார்.

"இந்த செபமால முடியறவரைக்கும் வா. அப்புறம் நின்னுக்கோ."

ஓடினேன். முடியும் தறுவாயில் கேட்டேன்.

"யாருக்காகக்கா வேண்டிக்கிறீங்க?"

"உனக்குத்தான். நீ நிக்கக் கூடாதுன்னு."

"நான் சாமியே கும்பிடறதில்லையே?"

"அதான் நான் கும்பிடறேன். பேச்சு குடுத்து எண்ணிக்கைய விட வச்சிட்ட பாரு. முதல்லேர்ந்து சொல்லணும், வா."

யார் விசுவாசத்தில் யார் கால் ஓடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் கீழே எழுதவும்.

கைக்கடிகாரம் இருபத்தொரு கிலோமீட்டர் காட்டியது.