ஜன்னலுக்கு வெளியே எட்டடி வெயில்

தரைத்தளத்துத் தையல்காரம்மாவுக்கு இருபது வருஷமாக ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது ஜன்னல் வழியாக வரும் வெயில்தான். வெளியே இருந்த எட்டடி மண்ணில் தகரக் கூரை போட்டு வண்டி நிறுத்தப்போவதாகக் குடியிருப்புச் செயலாளர் வந்து சொன்னார். வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுக்காமலே, "அங்க நான் தோட்டம் போடறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன். தோட்டம் இல்லேன்னா தகரம்தான்" என்றார் அவர்.

நாற்றுப் பண்ணையில் அவளுக்குத் தலை சுற்றியது. இத்தனை நாள் பிடுங்கி எறிந்த புல்லை அங்கே தொட்டியில் வைத்து விற்றார்கள். ஊதாக் கதிர் விடுவது ஒன்று, இலையில் வெள்ளைக் கோடு போட்டது ஒன்று.

"ஏங்க, இதுல எது செடி, எது களை?"

"என்னைக் கேட்டா? மாட்டைக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார் ஆட்டோ ஓட்டும் கணவர்.

பண்ணைக்காரர் சிரித்தார். "எல்லாமே வெயில் தாங்கும்மா. வருஷா வருஷம் தானா பூக்கும்."

ஊதாப் புல்லைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள். கடைசியில் கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்தாள். "முழுசா வளர்ந்தா என்ன உயரம், என்ன அகலம்?"

"உங்க நெஞ்சு வரைக்கும் வரும்."

அப்படியானால் ஜன்னலைப் புல்லே மூடிவிடும். பூவைப் பார்த்து ஆசைப்பட்ட கல்வாழையும் அதே காரணத்தால் போயிற்று. முழங்கால் உயரப் புல் நாலு, நித்தியகல்யாணி ஐந்து என்று அரைமனதாக முடித்தாள். வளர்ந்த பிறகு எவ்வளவு அகலம் வருமோ, அவ்வளவு இடைவெளியை டேப்பால் அளந்து, இடம் விட்டு நட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வந்தார். "என்னம்மா, மண்ணுதான் தெரியுது. தோட்டம் எங்க?"

"வளர்ற பிள்ளைக்குத் தைக்கிறப்ப உள்ள துணி விட்டுத் தைக்கலையா? உங்க பொண்ணு ஸ்கூல் சட்டையை ரெண்டு தடவை பிரிச்சு விட்டேனே, மறந்துட்டீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். "சரி, இதுல வாங்கினது எது, தானா முளைச்சது எது?"

அவளும் குனிந்தாள். நாலு புல் நட்ட இடத்தில் ஆறு நின்றது. "அதுதாங்க எனக்கும் தெரியலை."

அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "இப்பப் போட்டிருக்கற சட்டை என் பொண்ணுக்குப் பத்தாமப் போற வரைக்கும் டைம் தரேன். போங்க."

அவள் உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். துணியில் வெயில் விழுந்தது. களையென்று நினைத்து எதைப் பிடுங்கித் தொலைப்போமோ என்ற பயத்தில், ஆறுக்கும் சேர்த்தே தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருந்தாள்.