திறக்காத கேட்

மாதங்கி பிறந்தது கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வே ஆபீஸில் கிளார்க். நீல்திகி ராஜ குடும்பத்து வாரிசு சௌமேந்திரரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதும் அவள் ராணிமா ஆனாள். ராஜ்ஜியம் போய் எத்தனையோ காலமாகியும் பெஹாலாவில் அந்தப் பெயருக்கு ஓட்டு விழுந்தது. இரண்டு முறை கவுன்சிலரானாள்.

மேடைக்கு மேடை ஒரு கதை சொல்வாள். நாற்பத்து மூன்றாம் வருஷ வங்காளப் பஞ்சத்தில் கணவரின் தாத்தா நெற்களஞ்சியத்தைத் திறந்துவிட்டு ஊருக்கே கஞ்சி ஊற்றினார் என்று. முதல் தேர்தலில் ஜெயித்த அன்று சௌமேந்திரர் சிரித்தபடி சொன்னார்: "தாத்தா கேட்டையே திறக்கலை. நெல் விலை இன்னும் ஏறட்டும்னு காத்திருந்தார். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

அதுவரை அந்தக் கதையை அவள் நம்பியிருந்தாள். ஆனாலும் அடுத்த தேர்தலில் அதே கதையைச் சொன்னாள், இன்னும் உருக்கமாகவே.

மூன்றாவது தேர்தலில், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். பெயர் ஹரிபத மண்டல்.

"ராணிமா, எனக்கு அப்போ ஏழு வயசு. அம்மாவும் நாங்களும் உங்க கேட்டுக்கு வெளியே மூணு நாள் கிடந்தோம். யாரும் திறக்கலை. என் தங்கச்சி அங்கேயே செத்துப்போனா."

மைக் மாதங்கியின் கையில் இருந்தது. "பாவம், பெரியவருக்கு வயசாயிடுச்சு. வேற ஏதோ அரண்மனையை நினைச்சுக்கிட்டுப் பேசறார்" என்றாள். கூட்டம் சிரித்தது. கிழவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

காரில் முத்துகிருஷ்ணன் கேட்டான். குவார்ட்டர்ஸ் நாளிலிருந்து கூடவே இருப்பவன், அவளுடைய தேர்தல் வேலையெல்லாம் அவன் பொறுப்பு.

"அக்கா, அவர் சொன்னது நிஜமா?"

"நிஜம்தான்டா."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலை கிழவரின் வீட்டைத் தேடிப் போனாள். ஓட்டு வீடு. அவருடைய மருமகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாதங்கி உட்காராமல் கைகூப்பினாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னதுதான் உண்மை."

"எனக்குத்தான் அது தெரியுமே" என்றார் அவர். "என் பேரன் பேத்தியெல்லாம் பார்க்க, மைக்ல என்னைக் கிறுக்கனாக்கினீங்க. இதை வீட்டுக்குள்ள வந்து சொன்னா எப்படி?"

அவள் கூப்பிய கையை இறக்கிவிட்டு வெளியே நடந்தாள்.

மூன்றாம் நாள் அதே மைதானத்தில் மைக்கைப் பிடித்தாள். கேட் திறக்காததை, தெரிந்தே பொய் சொன்னதை, உண்மை பேசியவரைப் பார்த்துச் சிரிக்கவைத்ததை, ஒன்று விடாமல் சொன்னாள். ஹரிபத மண்டல் வரவில்லை. மருமகள் மட்டும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போனாள். குடும்பத்தின் மானத்தைத் தெருவில் போட்டுவிட்டாள் என்று சௌமேந்திரர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கட்சிக்காரர்கள் பிரசாரத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். தேர்தலில் தோற்றாள்.

தோல்வியைத் தாங்கிக்கொண்டாள். பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை. கரியாஹாட்டில் புடவைக் கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று, "உங்களை மாதிரி நேர்மையானவங்க அரசியல்ல ஏது ராணிமா?" என்றார்.

"அந்தப் பொய்யாலதான் நான் ரெண்டு தடவை ஜெயிச்சேன்" என்றாள் மாதங்கி.

அவர் அதையும் தன்னடக்கம் என்றே எடுத்துக்கொண்டு கும்பிட்டார். எதுவும் வாங்காமல் படியிறங்கினாள் அவள்.